சவ்வு விடும் கணம்

ஜனவரி 9, செவ்வாய்

மைனஸ் முப்பத்தொன்று. எஞ்சினைச் சூடாக வைக்கும் வயரை நேற்று என் கணவன் பிரென்ட் சொருக மறந்துவிட்டான். என் கார் கிளம்பவில்லை. அவனே கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சண்டை இல்லை. குளிர்.

இன்று கருத்தரிப்பு ஆய்வகத்தில் நான்கு பெண்களின் முட்டைகளுக்கு, நுண்ணோக்கியின் கீழ், ஊசியால் விந்தணு செலுத்தினேன். மூன்று பேருடையவை ஒழுங்கு. ஊசி முட்டையின் வெளிக்கூட்டைத் தாண்டிப் போனதும் உள்ளிருக்கும் சவ்வு பின்வாங்கி, புனல் போலக் குழிந்து, தாங்கி நிற்கும். லேசாக உறிஞ்சினால்தான் விடும். விட்டதும் முட்டையின் சாறு ஊசிக்குள் குபுக்கென ஏறும். அதுதான் அடையாளம். உறிஞ்சியதையும் விந்தணுவையும் உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

நான்காவது பெண்ணின் முட்டைகளில் பாதி எந்த எதிர்ப்பும் காட்டவில்லை. ஊசி பட்டதும் விட்டன.

ஒவ்வொரு முட்டைக்கும் மூன்றில் ஒன்றை எழுதுவோம்: தாங்கியது, சட்டென விட்டது, விட மறுத்தது. லோர்னா அதோடு நிறுத்த மாட்டாள். இந்த ஆய்வகத்தின் மூத்தவள். எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். அவளுக்கு முதல் வகை ‘நல்ல பிள்ளை’, இரண்டாவது ‘சோப்பு நுரை’, மூன்றாவது ‘என் மாமியார்’.

மறுநாள் காலைக்குள் கறுத்துச் சுருங்கிப்போவதில் பெரும்பங்கு சோப்பு நுரைதான்.

அக்டோபரில் என் முட்டைகள் ஆறு. நான்கு சோப்பு நுரை.

ஜனவரி 12, வெள்ளி

வேலை செய்யும் இடத்திலேயே நோயாளியாக உட்காருவது பழகவில்லை. டாக்டர் அடேயெமியோடு தினமும் காப்பி இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்கிறேன். இன்று அவர் மேசைக்கு எதிரே நானும் பிரென்டும். வேறு மருத்துவமனை தேடிக் கால்கரிக்குப் போயிருக்கலாம். ஆனால் முட்டை எடுக்கும் நாளில் பனியால் நெடுஞ்சாலையை மூடிவிட்டால்? அதுவும் இல்லை, உண்மையான காரணம் — முன்பின் தெரியாத ஒரு கையில் என் முட்டைகளைக் கொடுக்க மனம் வரவில்லை.

அவர் சுற்றி வளைக்கவில்லை. “இன்னொரு தடவை பாப்போம், ஒரீசியா. போன தடவை மாதிரியே ஆச்சுன்னா, மூணாவது தடவையும் உங்க முட்டையிலயே பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வேற ஒருத்தரோட முட்டையைப் பத்தித்தான் பேசணும்.”

“சவ்வு சட்டுன்னு விட்டது முட்டையோட குறையா, டாக்டர்?”

“குறைன்னு சொல்ல மாட்டேன். சில பேருக்கு அப்படி. மருந்து சரியா பொருந்தாம இருக்கலாம். வயசா இருக்கலாம். ஊசி போடறதுக்கு முன்னாடி முட்டை இன்னும் கொஞ்சம் முதிர்ந்திருக்கணுமோ என்னவோ. இந்தத் தடவை மருந்தை மாத்திப் பாக்கறேன்.”

மருந்தையும் மாற்றி, முதிரவிடும் நேரத்தையும் மாற்றினால், பலன் வந்தால்கூட எதனால் வந்தது என்று தெரியாது என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் பிரென்ட் முந்திக்கொண்டான். விதை கம்பெனியில் சோதனை வயல்களைப் பார்த்துக்கொள்பவன். வழக்கமாக இந்தப் பேச்சை அவன்தான் பேசுவான்.

“சோதனை பண்ண நம்மகிட்ட இருபது பாத்தி இருந்தா நீ சொல்றது சரி. இருக்கிறது ஒரே வயல். எல்லா உரத்தையும் போட்டுடுங்க, டாக்டர்.”

அடேயெமி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு வந்தது.

ஜனவரி 13, சனி

எனக்கு முப்பத்தொன்பது வயது. எழுதிப் பார்த்தால் அப்படியொன்றும் பெரிய எண்ணாகத் தெரியவில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

இன்று லோர்னா ஊசியில். நான் சாட்சி. முட்டைகள் உள்ள ஒவ்வொரு தட்டையும் நகர்த்தும் முன்பு, ஊசி பிடிப்பவர் அந்தப் பெண்ணின் பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும், பக்கத்தில் நிற்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் முட்டை இன்னொருவருக்குப் போய்விடாமலிருக்க இந்த ஏற்பாடு. பெயரைச் சொல்லிவிட்டால் சாட்சியின் வேலை முடிந்தது. அடுத்த தட்டு வரும்வரை சும்மா நிற்கலாம். மேலே தொங்கும் திரையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது ஒரு சோப்பு நுரை. ஊசி நுழைந்த அந்த இடத்திலேயே சவ்வு விட்டுவிட்டது. புனல் இல்லை, குழிவு இல்லை. திரையில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. லோர்னாவின் கை அதற்குப் பிறகும் உறிஞ்சியது. சாறு ஊசிக்குள் வெகுதூரம் ஏறிவிட்டுத் திரும்பியது.

ஒன்றில் பார்த்ததை வைத்து என்ன சொல்ல? அடுத்த சோப்பு நுரை வரக் காத்திருந்தேன். அதிலும் அப்படியே.

கையுறையைக் கழற்றும்போது லோர்னா, “என்னடி, திரையையே முறைச்சுக்கிட்டு நிக்கற? என் முகம் இங்க இருக்கு,” என்றாள்.

“ஒண்ணுமில்ல.”

“உன் ஒண்ணுமில்லைக்கு எப்பவும் ரெண்டு கால் இருக்கும். தானா நடந்து வெளிய வரும்.”

ஜனவரி 24, புதன்

ஏன் அப்படிச் செய்கிறாள் என்று தெரியும். இந்தத் தொழிலில் எல்லோரும் பயப்படும் தவறு ஒன்று உண்டு: சவ்வு விட்டது என்று நினைத்து, விடாத சவ்வின் மடிப்பிலேயே விந்தணுவை வைத்துவிட்டு வருவது. மறுநாள் முட்டை அப்படியே இருக்கும், ஒன்றும் நடந்திருக்காது. அதனால் முதல் நாளிலிருந்தே சொல்லித்தருவது இதுதான்: உறிஞ்சு, சாறு ஏறுவதைக் கண்ணால் பார், பார்க்காமல் எதையும் வைக்காதே. தாங்கும் முட்டைக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஏற்கெனவே விட்டுவிட்ட முட்டைக்கு இது இரண்டாவது காயம்.

அக்டோபரில் என் முட்டைகளுக்கு ஊசி போட்டவள் லோர்னா.

அப்படியானால் — என்ன அப்படியானால்? நான்கு சோப்பு நுரையில் இரண்டு செத்தன, இரண்டு கருவாகி மூன்றாம் நாள் நின்றுவிட்டன. செத்த இரண்டையும் கொன்றது அவள் கையா, என் வயதா, மருந்தா? யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் நேற்றிலிருந்து அவள் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காப்பிக் கோப்பையைப் பிடிக்கும்போதுகூட. இது நன்றாக இல்லை.

பிரென்டிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

“அவகிட்ட சொல்லிடு.”

“எப்படிச் சொல்றது? எனக்குக் கத்துக்கொடுத்ததே அவதான்.”

“‘கையை நிறுத்து லோர்னா’ன்னு சொல்லு. மூணே வார்த்தை.”

“உன் முதலாளிகிட்ட நீ அப்படிச் சொல்லுவியா?”

“என் முதலாளி என் பிள்ளைய ஊசியில உறிஞ்சலையே,” என்றான். பிறகு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

ஜனவரி 28, ஞாயிறு

கர்லிங்: பனிக்கட்டியில் கனத்த கல்லைச் சறுக்கவிட்டு, அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்து நேராக ஓடவைக்கும் ஆட்டம். எங்கள் அணிக்கு லோர்னாதான் தலைவி. நான் முதல் கல் விடுகிறவள். பிரென்ட் தேய்க்கிறான், அவனுக்கு அதுதான் லாயக்கு என்று லோர்னா சொல்வாள்.

இன்று கடைசிக்கு முந்தைய சுற்றில் நான் விட்ட கல் நேராகப் போகிறது என்றே நினைத்தேன். பனிக்கட்டியின் அந்த முனையிலிருந்து லோர்னா கத்தினாள்: “தேய்க்காத! பிரென்ட், துடைப்பத்தைத் தூக்கு! தொடாதே!” அவன் தூக்கினான். கல் தானாக வளைந்து சரியான இடத்தில் போய் நின்றது. நான் நினைத்த கோட்டில் போகவிட்டிருந்தால் வெளியே போயிருக்கும்.

விடுகிறவளுக்குக் கோடு தெரியாது. கல்லோடு கல்லாகக் குனிந்திருப்பவளுக்கு எப்படித் தெரியும்? எதிர்முனையில் நிற்பவள்தான் பார்க்கிறாள், அவள்தான் சொல்ல வேண்டும், சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். இதில் யாருக்கும் மானம் போவதில்லை.

ஆட்டம் முடிந்து பீர் வந்தபோது (எனக்கு இஞ்சி சோடா) லோர்னாவிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜனவரி 30, செவ்வாய்

சொல்லிவிட்டேன். ஆய்வகத்துக்கு வெளியே, உடை மாற்றும் அறையில். மோசமாகத்தான் சொன்னேன். எல்லாவற்றையும் மனத்துக்குள் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன், வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்: “சோப்பு நுரையில நீ ஒரு தடவை அதிகமா உறிஞ்சற.”

அவள் தலையில் மாட்டிய வலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள்.

“யாரோட சோப்பு நுரையில?”

“எல்லாரோடதிலயும்.”

“இல்ல. நீ யாரைப் பத்திப் பேசறன்னு கேட்டேன்.”

நான் குனிந்து என் பூட்ஸைத் தேடினேன்.

“அக்டோபர்லேர்ந்து இதையா மனசுல வச்சிருந்த? தினம் என்கூட உக்காந்து சாண்ட்விச் தின்னுட்டு?”

“போன வாரம்தான் பாத்தேன். சத்தியமா.”

“நான் இந்த வேலைக்கு வந்தப்போ இந்த ஊர்ல இதைச் செய்ய ஆளே கிடையாது. நாங்களே கண்ணாடிக் குழாயை நெருப்புல காட்டி இழுத்து ஊசி செஞ்சுக்கிட்டோம்.” கோபமாகச் சொல்லவில்லை. சோர்வாகச் சொன்னாள். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பூட்ஸை மாற்றாமலே போனாள். வெள்ளைச் செருப்போடு பனியில்.

பிப்ரவரி 1, வியாழன்

பெயர் படிப்பதைத் தவிர லோர்னா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று பத்தொன்பது பெயர் படித்தாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு லோர்னா என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “உக்காரு.”

முதிராமல் போன முட்டைகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சில பெண்கள் எழுதிக்கொடுத்திருப்பார்கள். அப்படிச் சில வைத்திருந்தாள். எடுத்து நாள்பட்டு, மிருதுவாகி, பெரும்பாலும் சட்டென விடும் முட்டைகள்.

“நீ போடு. நான் திரையைப் பாக்கறேன்.”

“நானா?”

“என் கையைப் பத்தி உனக்குத் தெரியும். உன் கையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

போட்டேன். முதல் முட்டை பட்டதும் விட்டது. நான் அங்கேயே நிறுத்திவிட்டதாக நினைத்தேன். லோர்னா பதிவைத் திருப்பி ஓட்டினாள். விட்ட பிறகு என் கை உறிஞ்சியிருந்தது. குறைவாக, ஆனால் உறிஞ்சியிருந்தது. அடுத்ததில் எச்சரிக்கையாக இருந்தேன். அதிலும் அப்படியே. கண் பார்ப்பதற்குள் கை செய்துவிடுகிறது.

“யார்கிட்ட கத்துக்கிட்டியோ,” என்றாள் லோர்னா.

அப்போதுதான் கர்லிங் பற்றிச் சொன்னேன். இருவரும் மாற்றிமாற்றி உட்கார்ந்தோம். ஒருத்தி ஊசியில், ஒருத்தி திரையில். சவ்வு உறிஞ்சாமலே சட்டென விட்டால், அந்தக் கணத்தில் திரையைப் பார்ப்பவள் “விட்டுச்சு” என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் கை நின்றுவிட வேண்டும். முதலில் சரியாக வரவில்லை. சொல் தாமதமாக வந்தது, அல்லது கை கேட்கவில்லை. லோர்னா சொல்வதை விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தாள், பனிக்கட்டியில் கத்துவது போல. அதன் பிறகு கை நின்றது.

“சாட்சி வெறுமனே நிக்கறதுக்குப் பதிலா இது ஒரு வேலை,” என்றாள்.

கிளம்பும்போது, என் முகத்தைப் பார்க்காமல்: “அக்டோபரைப் பத்தி எனக்கும் தெரியாது, பொண்ணே. தெரிஞ்சா சொல்லியிருப்பேன்.”

“எனக்கும் தெரியாது.”

“அப்ப விடு.”

விட்டேனா? பெரும்பாலும்.

பிப்ரவரி 24, சனி

ஊசி மருந்து மூன்றாம் நாள். வயிற்றின் இடப்பக்கம், ஊசி போட்ட இடம், நீலம். தேவாலயக் கூடத்தில் பெரோகி விருந்து, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை. தட்டு தட்டாகச் சாப்பிட்டேன். பிரென்ட் மருந்து ஊசிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் காரில் கொண்டுவந்திருந்தான். அந்தப் பெட்டியில் வழக்கமாக மீன்தான் இருக்கும்.

மார்ச் 1, வெள்ளி

ஸ்கேன். முட்டைப்பை எட்டு. அடேயெமி இன்னும் இரண்டு நாள் வளரவிடலாம் என்கிறார். வேறொருவர் விஷயமாக இருந்தால் நானே சரி என்று சொல்லியிருப்பேன். இன்று இரண்டு தடவை ஏன் என்று கேட்டேன்.

அவரிடம் கேட்டேன், “சவ்வு தாங்கினா பிள்ளை உண்டுன்னு அர்த்தமா?”

“நீங்களே பேஷண்டுகளுக்கு என்ன சொல்லுவீங்க?”

“இல்லைன்னு சொல்லுவேன்.”

“சவ்வு சொல்றது அன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான், ஒரீசியா. முட்டை பிழைக்குமா, கருவாகுமா, அவ்வளவுதான். அஞ்சாம் நாளைப் பத்தி அதுகிட்ட கேக்காதீங்க. அதுக்குத் தெரியாது.”

மார்ச் 6, புதன்

முட்டை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் எனக்கு முதலில் தெரிந்தது திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் ஆய்வகம். என் வேலை அங்கே நடந்துகொண்டிருக்கிறது, நான் இல்லாமல். தன் முட்டை உள்ளே இருக்கும்போது ஊழியர் உள்ளே வரக்கூடாது என்பது விதி. அதை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

லோர்னா ஊசியில். சாட்சி டாவிஷ், எங்கள் மூன்றாவது ஆள். அவனையும் லோர்னா ஒரு வாரம் கத்தப் பழக்கியிருக்கிறாள்.

சுவர் மெல்லிசு. பிரென்ட் எனக்கு ஆப்பிள் ஜூஸ் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். அப்போது கேட்டது.

“விட்டுச்சு!”

டாவிஷின் குரல். பிரென்ட் நிமிர்ந்தான். “அது நம்மளோடதா?”

இன்று காலை வேறு யாருக்கும் ஊசி இல்லை. தலையசைத்தேன்.

பிறகு அமைதி. அப்படியானால் அடுத்தது தாங்கிய முட்டை, நிதானமாக உறிஞ்சுகிறாள். மறுபடி “விட்டுச்சு!” மறுபடி. நான் எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். இந்த முறையும் பாதிக்கு மேல் சோப்பு நுரை. மருந்தை மாற்றியது என் முட்டைகளை மாற்றவில்லை. அல்லது கொஞ்சம் மாற்றியதோ என்னவோ. எப்படித் தெரியும்.

பிரென்ட் என் காலுறையைச் சரிசெய்வது போல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மார்ச் 7, வியாழன்

நர்ஸ்தான் ஃபோன் செய்ய வேண்டும். லோர்னா செய்தாள்.

“ஏழு போட்டேன். ஒண்ணு போச்சு. அஞ்சு கருவாயிருக்கு. ஒண்ணு சும்மா உக்காந்திருக்கு, ஒண்ணும் பண்ணல.”

“சோப்பு நுரை?”

“நாலு. அதுல ஒண்ணுதான் போச்சு.” அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவது கேட்டது. “போன தடவை மாதிரி இல்லைன்னு மட்டும்தான் சொல்ல முடியும். ஏன்னு கேக்காத.”

கேட்கவில்லை.

மார்ச் 9, சனி

ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள். பனி. அக்டோபரில் எல்லாம் நின்றது இந்த நாளில்தான். இன்று யாரும் கூப்பிட மாட்டார்கள். ஐந்தாம் நாள்வரை இன்குபேட்டரைத் திறப்பதில்லை. நான் போட்ட விதிதான் இதுவும்.

மார்ச் 11, திங்கள்

ஒன்று.

இரண்டு நல்ல பிள்ளைகளும் இரண்டு சோப்பு நுரைகளும் மூன்றாம் நாளோடு நின்றுவிட்டன. ஒரு சோப்பு நுரை வந்திருக்கிறது, நடுவே குழியும் ஒரு பக்கம் செல்களின் கொத்துமாக, ஒழுங்கான ஐந்தாம் நாள் கரு. திரையில் காட்டினார்கள். நோயாளிகளுக்குக் காட்டும்போது நான் சொல்வதைத்தான் லோர்னா எனக்குச் சொன்னாள்: இதோ பார், இது குழந்தையாகப் போகிற பகுதி, இது நஞ்சுக்கொடியாகப் போகிற பகுதி. தெரிந்ததையே கேட்டுக்கொண்டேன்.

ஒரு முட்டையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. சட்டென விட்ட முட்டையும் பிழைத்துவிட்டால் மற்றதைப் போலத்தான் என்பது எனக்கு முன்பே தெரியும். அதைப் பிழைக்க வைத்தது எது என்பதுதான் தெரியாது.

இன்றே கருப்பையில் வைத்துவிட்டார்கள். கரு இருக்கும் குழாய் என் பக்கம் வருவதற்கு முன் லோர்னா என் பெயரை வாய்விட்டுப் படித்தாள். முழுப்பெயர், பிறந்த தேதி. பத்து வருடமாக என்னைத் தெரிந்தவள். சாட்சி திருப்பிச் சொல்ல வேண்டும். டாவிஷ் வாயைத் திறப்பதற்குள் பிரென்ட் சொல்லிவிட்டான்.

“நீ சொன்னா செல்லாதுப்பா,” என்றாள் லோர்னா. டாவிஷ் திருப்பிச் சொன்னான்.

மார்ச் 20, புதன்

காலையில் கர்ப்பச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். மதியம் தெரியும். கார் வயரை இன்று நானே சொருகினேன். தேவையில்லை, வெளியே மைனஸ் நாலுதான்.

செப்டம்பர் 17, செவ்வாய்

இன்று ஊசி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். பின்னால் தள்ளினால் கண் நுண்ணோக்கிக்கு எட்டவில்லை. முன்னால் தள்ளினால் வயிறு மேசையில் இடிக்கிறது. பக்கவாட்டில் உட்காரலாமா என்று டாவிஷ் யோசனை சொன்னான். லோர்னா அவனைப் பார்த்த பார்வையில் அவன் போய்விட்டான்.

“எழுந்திரு,” என்றாள். “இன்னிலேர்ந்து நீ கத்தற ஆளு.”

திரைக்குக் கீழே நின்றேன். முதல் பெண்ணுக்கு நாற்பத்திரண்டு வயது, இரண்டாவது முயற்சி, முட்டை மூன்று. லோர்னா பெயரைப் படித்தாள். நான் திருப்பிச் சொன்னேன். ஊசி உள்ளே போனது. புனல் வரவில்லை.

“விட்டுச்சு,” என்றேன்.

அவள் கை நின்றது.